குறுமூக்கு நாய்களின் நெடுங்கதை

மனிதன் பழக்கிய விலங்குகளுள் நாய்க்கே மூத்த இடம் உண்டு. ஞமலி என்றும் ஞாளி என்றும் பழந்தமிழ்ப் புலவர்கள் பாடியது இவ்விலங்கையே. வேட்டைக்குத் துணையாகவும், மந்தைக்குக் காவலாகவும், மனைக்கு வாயிலோனாகவும் பல்லாயிரம் ஆண்டுகள் அது பணி புரிந்து வந்துள்ளது. ஆனால், வேட்டையும் காவலும் அறியாது, மனிதனின் மடியில் அமர்ந்திருப்பதையே தன் கடமையாகக் கொண்ட சில இனங்களும் உண்டு. உருவில் சிறியவை; முகம் தட்டையானவை; கண்கள் அகன்றவை. இவற்றின் அருகில் சென்றவர் முதலில் உணர்வது அவற்றின் உருவத்தை அன்று, அவற்றின் மூச்சோசையையே. உறங்கும்போது குறட்டை, நடக்கும்போது கரகரப்பு, மகிழ்ந்து துள்ளும்போது ஓர் இழுப்பு. வளர்ப்போர் இதனைக் கேட்டு நகைப்பர். இந்த இனத்தின் இயல்பே இதுதான் என்று விருந்தினர்க்கு விளக்கமும் தருவர்.

இயல்பு என்று சொல்லப்படும் இவ்வோசைக்கு ஒரு வரலாறு உண்டு. அது சீனப் பேரரசரின் அரண்மனையில் தொடங்கி, போர்க்களத்தில் கைமாறி, கண்காட்சி மேடையில் வளர்ந்து, இறுதியில் நீதிமன்றத்தின் வாயிலில் வந்து நிற்கிறது. அழகு என்று மனிதன் எதனைக் கருதினான், அதற்கு யார் விலை கொடுத்தனர் என்பதே இவ்வரலாற்றின் உட்பொருளாகும்.

சீன அரண்மனையில்

சிறு நாய்கள் சீன அரசவையில் இடம்பெற்ற செய்தியைத் தாங் அரசமரபின் வரலாற்று ஏடுகள் குறித்துள்ளன. கி.பி. 624-ஆம் ஆண்டில், பட்டுப்பாதையில் அமைந்திருந்த காவ்சாங் நாட்டு மன்னன் ஆணும் பெண்ணுமாக இரு நாய்களைத் தாங் பேரரசருக்குக் காணிக்கையாக அனுப்பினான். அவை ஆறு அங்குல உயரமும் ஓர் அடிக்குச் சற்று மிகுந்த நீளமும் உடையவை என்றும், குதிரையின் கடிவாள வாரைக் கவ்வி இழுத்துச் செல்லவும் வாயில் மெழுகுவத்தியை ஏந்தி நிற்கவும் வல்லவை என்றும் அவ்வேடுகள் கூறுகின்றன. அவை ஃபூலின் எனச் சீனர் அழைத்த கீழை உரோமப் பேரரசு நாட்டிலிருந்து வந்தவை என்பதும் அக்குறிப்பில் உண்டு.

தாங் பேரரசர் சுவான்சோங்கின் காதற்கிழத்தி யாங் குயிஃபெய் வளர்த்த நாய்க்குட்டியைப் பற்றி ஒரு சுவையான கதை வழங்குகிறது. பேரரசர் பலகையில் காய் வைத்து ஆடி, தோற்கும் நிலைக்கு வந்தபோது, அம்மங்கை தன் கையிலிருந்த நாய்க்குட்டியை மெல்ல இறக்கி விட்டாளாம். அது பலகை மீது ஏறிக் காய்களைக் கலைத்துவிட, பேரரசர் பெரிதும் மகிழ்ந்தாராம். அரசரின் தோல்வியை மறைத்த அந்த நாய் சாமர்க்கண்டிலிருந்து வந்தது என்று ஒன்பதாம் நூற்றாண்டு அறிஞர் துவான் செங்ஷி எழுதி வைத்துள்ளார். மடியில் வளரும் நாயின் தொழில் என்ன என்பதற்கு இதைவிடச் சிறந்த விளக்கம் வேண்டுவதில்லை.

பிற்காலத்தில் பௌத்த சமயம் இந்நாய்களுக்கு மற்றொரு பெருமையை அளித்தது. பௌத்த மரபில் சிங்கம் அறத்தைக் காக்கும் விலங்கு. மஞ்சுசிரீ போதிசத்துவரின் ஊர்தியும் அதுவே. சிங்கம் வாழாத சீன நாட்டில், சிங்கத்தின் சிற்றுருவாக நாயைக் காண விரும்பினர் அரண்மனையார். அகன்ற முகம், குறுகிய மூக்கு, கழுத்தைச் சூழ்ந்த பிடரி மயிர் ஆகியவை தேடித் தேடிப் பேணப்பட்டன. இன்று பெக்கிங்கீஸ் என வழங்கும் இனம் இவ்வாறு உருவாயிற்று. எனினும், அரண்மனை நாய்களின் முகம் இன்றைய கண்காட்சி நாய்களின் முகத்தைப் போல அடியோடு தட்டையாகி விடவில்லை என்பதை நினைவில் கொள்ளுதல் வேண்டும். அந்த மாற்றம் வேறொரு நாட்டில் நிகழ்ந்தது.

கொள்ளையில் கிடைத்த பரிசு

இரண்டாம் அபினிப் போரின் இறுதியில், 1860-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், ஆங்கிலேய, பிரெஞ்சுப் படைகள் பெக்கிங் நகரின் வடமேற்கில் இருந்த யுவான்மிங்யுவான் என்னும் கோடை அரண்மனையைக் கைப்பற்றின. பேரரசர் சியான்ஃபெங் முன்னரே நகரை விட்டு நீங்கியிருந்தார். பட்டும் பொன்னும் பீங்கானும் வாரிச் செல்லப்பட்டன. சிறைப்பட்ட தம்மவர் சிலர் கொல்லப்பட்டதற்குப் பழிவாங்கும் முகத்தான், எல்ஜின் பிரபு அக்டோபர் 18-ஆம் நாள் அரண்மனைக்குத் தீயிடுமாறு ஆணையிட்டார்.

அவ்வரண்மனையில் படைவீரர் கையில் ஐந்து சிறு நாய்களும் சிக்கின. அவற்றுள் ஒன்றை 99-ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த கேப்டன் டன் என்பார் இங்கிலாந்துக்குக் கொணர்ந்து, 1861-ஆம் ஆண்டு விக்டோரியா மகாராணியாருக்குக் காணிக்கையாக அளித்தார். அதற்கு இடப்பட்ட பெயர் லூட்டி. தமிழர் செவிக்கு இது குறும்பைக் குறிக்கும் சொல்லாகத் தோன்றினும், உண்மையில் இந்தி மொழியிலிருந்து ஆங்கிலம் கடன் பெற்ற, கொள்ளை என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து பிறந்த பெயராகும் இது. கொள்ளைப் பொருள் என்பதை மறைக்கவும் எவரும் முயலவில்லை. பெயரிலேயே அதனைப் பொறித்து வைத்தனர். ஓவியர் கெய்ல் 1861-இல் அந்நாயை வண்ணத்தில் தீட்டினார். 1872-ஆம் ஆண்டு வரை லூட்டி உயிர் வாழ்ந்தது. அவ்வோவியத்தில் காணும் லூட்டியின் மூக்கு குறுகியதே. ஆயினும், கண்களுக்கிடையே புதைந்து மறைந்துவிட்ட மூக்கு அன்று.

எஞ்சிய நான்கும் பிரபுக்களின் குடும்பங்களை அடைந்தன. ரிச்மண்டு கோமகளின் குட்வுட் மாளிகையில் வளர்ந்தவற்றின் வழித்தோன்றல்கள் இங்கிலாந்தில் இவ்வினம் பெருகக் காரணமாயின.

பக் நாயின் பயணம்

பக் என்னும் இனம் இதற்கு முன்னரே ஐரோப்பாவை அடைந்துவிட்டது. கீழ்த்திசைக்குக் கடல் வழி கண்ட வணிகரின் கப்பல்களில் அது சென்றிருக்க வேண்டும். ஹாலந்தின் ஆரஞ்சு அரச குடும்பத்தார் இதனைப் பெரிதும் போற்றினர். 1572-ஆம் ஆண்டு ஓரிரவு, ஸ்பானியப் படையினர் பாசறையைச் சூழ்ந்தபோது, வில்லியம் இளவரசரை அவருடைய சிறு நாய் குரைத்தும் முகத்தில் பாய்ந்தும் எழுப்பிக் காத்தது என்று அக்காலப் படைவீரர் ஒருவர் எழுதியுள்ளார். அந்த நாய் பக் இனமே என்று பிற்காலத்தார் கொண்டனர். மூன்றாம் வில்லியமும் மேரியும் 1688-89 ஆண்டுகளில் இங்கிலாந்தின் அரியணையை அடைந்தபோது பக் நாய்களும் அந்நாட்டில் புகழ் பெற்றன.

ஆங்கில ஓவியர் ஹோகார்த் 1745-இல் தீட்டிய தம் உருவ ஓவியத்தில், தமது பக் நாயான டிரம்ப்பையும் அருகில் அமர்த்தியுள்ளார். அவ்வோவியத்தை இன்று காண்போர், இது பக் நாய்தானா என்று ஐயுறுவர். கால்கள் நீண்டுள்ளன, மூக்கு தெளிவாக முன்னே நீண்டிருக்கிறது. இரண்டு நூற்றாண்டுக்குச் சற்று மிகுந்த காலத்திற்குள் ஓரினத்தின் முகம் எவ்வளவு மாறியது என்பதற்கு அந்த ஓவியமே சான்று பகர்கிறது. இயற்கை பல்லாயிரம் ஆண்டுகளில் செய்யத் தயங்கும் மாற்றத்தை மனிதனின் விருப்பம் சில தலைமுறைகளில் செய்து முடித்தது.

காளைக் களமும் கண்காட்சி மேடையும்

புல்டாக் நாயின் கதை வேறு வகையானது. காளையைக் கட்டி வைத்து, அதன் மீது நாய்களை ஏவி விட்டு வேடிக்கை பார்க்கும் கொடிய வழக்கம் இங்கிலாந்தில் நெடுங்காலம் நிலவியது. 1835-ஆம் ஆண்டுச் சட்டம் அதனைத் தடை செய்தது. களம் ஒழிந்தது, களத்துக்கென வளர்க்கப்பட்ட நாய் எஞ்சியது. தொழிலை இழந்த நாய்க்குக் கண்காட்சி மேடை புதுவாழ்வு அளித்தது. ஆனால், பழைய உடலை அது விட்டு வைக்கவில்லை.

நாய்களுக்கான கண்காட்சி 1859-ஆம் ஆண்டில் நியூகாசில் நகரில் நடந்தது. அதில் கலந்துகொண்டவை வேட்டை நாய்களே. 1873-இல் லண்டனில் கென்னல் கிளப் என்னும் நாய் வளர்ப்போர் கழகம் தோன்றியது. சார்ல்ஸ் கிரஃப்ட் தம் பெயரால் நடத்திய பெருங்காட்சி 1891-இல் தொடங்கியது. ஒவ்வோர் இனத்துக்கும் இலக்கணம் வகுக்கப்பட்டது. வழிமுறைப் பட்டியல் எழுதி வைக்கப்பட்டது. பட்டியலுக்குள் பிறந்தவற்றையே பட்டியலுக்குள் இணைசேர்க்கும் முறை நிலைபெற்றது.

இதன் விளைவு நுட்பமானது. மூக்கு குறுகியிருத்தல் வேண்டும் என்று இலக்கணம் கூறினால், நடுவர் மிகக் குறுகிய மூக்கைத் தேடுவார். அதற்குப் பரிசு கிடைத்தால், அந்த நாயின் குட்டிகளுக்கே விலை ஏறும். அடுத்த தலைமுறையில் முந்தியதைவிடக் குறுகிய மூக்கு வேண்டப்படும். எவரும் நாய்க்குத் தீங்கு எண்ணவில்லை. எவரும் ஒரே நாளில் மூக்கை வெட்டி எறியவும் இல்லை. ஆண்டுதோறும் சிறிதளவு என்று நூறாண்டு நடந்த செயல், முடிவில் மூச்சுக்குழாயின் வாயிலையே அடைத்து விட்டது.

முகம் மட்டுமன்று, உடலும் சுருங்கியது. பொமரேனியன் நாய் பதினெட்டாம் நூற்றாண்டில் நடுத்தர உருவம் உடையது. கெய்ன்ஸ்பரோ தீட்டிய ஓவியத்தில் அதனைக் காணலாம். 1888-இல் இத்தாலியின் புளோரன்ஸ் நகருக்குச் சென்ற விக்டோரியா மகாராணியார் மார்கோ என்னும் சிறிய பொமரேனியனைக் கொண்டு வந்தார். அதன் எடை ஏறத்தாழ ஐந்தரைக் கிலோ. அரசியார் விரும்பியதை நாடு விரும்பிற்று. இன்று கண்காட்சிப் பொமரேனியனின் எடை இரண்டரைக் கிலோவைத் தாண்டுவதில்லை. வட இங்கிலாந்தின் ஆலைத் தொழிலாளர் வளர்த்த யார்க்ஷயர் டெரியரும் இவ்வாறே கைக்குள் அடங்கும் உருவினதாயிற்று.

ஓசைகளின் உட்பொருள்

இச்சிறு நாய்களிடம் எழும் ஓசைகள் எல்லாம் ஒன்றல்ல. அவற்றைப் பிரித்தறிதல் வளர்ப்போர் கடமையாகும்.

முதலாவது, தலைகீழ்த் தும்மல் எனப்படுவது. தும்மலில் காற்று வெளியே சீறும். இதிலோ மூக்கு வழியே உள்ளே விரைந்து இழுக்கப்படும். நாய் அசையாது நின்று, கழுத்தை நீட்டி, முழங்கைகளை அகற்றி, மூச்சு நின்றுவிடுமோ என்று காண்போர் அஞ்சும்படி இழுத்து இழுத்து ஒலிக்கும். மூக்கின் பின்புறமும் தொண்டையின் மேற்புறமும் உறுத்தப்படுவதால் இது நேர்கிறது. சில நொடிகளில், மிஞ்சினால் ஓரிரு நிமிடங்களில், தானே அடங்கிவிடும். அடிக்கடி வராத வரையில் இதனால் பெருந்தீங்கு இல்லை.

இரண்டாவது, வாத்துக் கத்துவது போன்ற வறட்டு இருமல். நாயின் மூச்சுக்குழாய் குருத்தெலும்பு வளையங்களால் தாங்கப்பட்டது. யார்க்ஷயர் டெரியர், பொமரேனியன், சிவாவா போன்ற சிற்றினங்களில் இவ்வளையங்கள் வலுவிழந்து தட்டையாகி விடுவதுண்டு. கழுத்துப் பட்டையைப் பற்றி இழுக்கும்போதும், நாய் மகிழ்ச்சியால் துள்ளும்போதும் இருமல் எழும். கழுத்துப் பட்டைக்கு மாறாக மார்பைச் சுற்றிய வாரைப் பூட்டுதலும், உடல் பருமனாகாமல் காத்தலும் இதற்கு முதல் உதவிகள்.

மூன்றாவதே இவ்வரலாற்றின் மையம். குறுமூக்கு நாய்களின் தொடர்ந்த குறட்டையும் கரகரப்பும் அதுவாகும். முக எலும்பு சுருங்கியது. ஆனால், அதற்குள் அமைந்த சதை அதே அளவில் சுருங்கவில்லை. மூக்குத் துளைகள் கீற்றுப் போல் ஒடுங்கின. மென்னண்ணம் நீண்டு தொண்டையின் வாயிலில் தொங்கியது. மூக்கினுள் உள்ள சுருள் எலும்புகள் இடமின்றிக் காற்று செல்லும் வழியிலேயே வளர்ந்தன. இடுங்கிய வழியே காற்றை வலிந்து இழுக்கும்போது தொண்டைத் தசைகள் அதிர்கின்றன. அந்த அதிர்வே ஓசை. ஆண்டுகள் செல்லச் செல்ல, ஓயாத இழுப்பினால் குரல்வளையின் குருத்தெலும்பும் தளர்ந்து உள்ளே சரிவதுண்டு. சில நாய்கள் மோவாயை உயர்த்தி வைத்தும், பொம்மையை வாயில் கவ்விக்கொண்டும் உறங்குவதைக் கண்டு வீட்டார் மகிழ்வர். காற்றுக்கு வழி திறந்து வைக்க அவ்வுயிர் கண்ட உபாயம் அது என்பதை அவர்கள் அறியார்.

அறிவியல் தந்த சான்று

1987-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மனிதருக்கு உறக்கத்தில் நேரும் மூச்சுத்தடையை ஆராய இயற்கையில் அமைந்த முன்மாதிரியாகப் புல்டாக் நாயைத் தேர்ந்தனர். மனிதரிடம் நோய் என்று கருதப்படும் நிலை, இந்நாயிடம் அன்றாட வாழ்வாக இருந்தது.

2012-இல் வெளியான ஓர் ஆங்கிலேய ஆய்வு இன்னும் கூர்மையானது. மூச்சுத்தடைக்கு ஆளான நாய்களின் உரிமையாளரிடம், தம் நாய்க்கு மூச்சுக் கோளாறு உண்டா என்று வினவப்பட்டது. பாதிக்கு மேற்பட்டோர் இல்லை என்றே விடை கூறினர். குறட்டையையும் இழுப்பையும் அவர்கள் நாள்தோறும் கேட்டனர். ஆயினும் அதனை நோயென எண்ணவில்லை. இனத்தின் இயல்பு என்றே எண்ணினர். அன்பின்மையால் விளைந்த பிழையன்று இது. பழக்கத்தால் விளைந்த செவிட்டுத்தன்மை. நோய் எல்லா நாய்களுக்கும் பொதுவாகும்போது, அது நோயாகத் தோன்றாமல் போகிறது.

லண்டனிலுள்ள அரச கால்நடை மருத்துவக் கல்லூரி 2022-இல் வெளியிட்ட ஆய்வில், குறுமூக்கு மூச்சுத்தடை நோய் பிற நாய்களைவிடப் பக் நாய்களுக்கு ஏறத்தாழ 54 மடங்கு மிகுதி எனக் கண்டறியப்பட்டது. உடல்நல நோக்கில் பக் நாயை இனி இயல்பான நாயாகக் கருத இயலாது என்றும் அவ்வாய்வாளர் உரைத்தனர்.

இத்தனைக்கும் மக்களின் மோகம் தணியவில்லை. அமெரிக்காவில் 31 ஆண்டுகள் முதலிடத்தில் இருந்த லாப்ரடார் இனத்தை விலக்கி, 2022-ஆம் ஆண்டுப் பதிவுகளில் பிரெஞ்சு புல்டாக் முதலிடம் பெற்றது.

சட்டத்தின் வாயிலில்

2008-ஆம் ஆண்டு பி.பி.சி. தொலைக்காட்சி, பரிசு நாய்களின் பிறவிக் குறைகளை விளக்கும் ஆவணப்படம் ஒன்றை ஒளிபரப்பியது. நாட்டில் பெருங்கிளர்ச்சி எழுந்தது. கிரஃப்ட் காட்சியை ஒளிபரப்புவதையும் அந்நிறுவனம் 2009-இல் நிறுத்திக் கொண்டது. கென்னல் கிளப் தன் இலக்கணங்களைத் திருத்தியது. பெக்கிங்கீஸ் நாய்க்கு மூக்குப் பகுதி கண்ணுக்குத் தெரியும்படி இருத்தல் வேண்டும் என்பது அத்திருத்தங்களுள் ஒன்று. ஒரு நாய்க்கு மூக்கு இருக்க வேண்டும் என்று எழுதி வைக்க நேர்ந்ததே, நூற்றாண்டுப் போக்கின் மீது கூறப்பட்ட தீர்ப்பு எனலாம்.

அக்கழகமும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் இணைந்து 2019-இல் ஒரு மூச்சுச் சோதனை முறையைத் தொடங்கின. நாயை மூன்று நிமிடம் விரைந்து நடக்கச் செய்து, அதற்கு முன்னும் பின்னும் மருத்துவர் தொண்டையில் மார்பொலிமானியை வைத்துக் கேட்டு, சுழியம் முதல் மூன்று வரை தரம் அளிப்பார். கண்ணால் அழகு பார்த்த காலம் போய், காதால் நலம் கேட்கும் காலம் வந்ததற்கு அடையாளம் இது.

நெதர்லாந்து இன்னும் ஒருபடி முன்னே சென்றது. மூக்கின் நீளம் மண்டையோட்டின் நீளத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்குக் குறைந்த நாய்களை இனப்பெருக்கத்திற்குப் பயன்படுத்தலாகாது என்ற விதியை 2019 முதல் அந்நாடு செயற்படுத்தியது. நார்வேயில் 2022 சனவரியில் ஆஸ்லோ மாவட்ட நீதிமன்றம் ஆங்கிலப் புல்டாக், கவலியர் ஆகிய ஈரினங்களை வளர்த்துப் பெருக்குவது விலங்குநலச் சட்டத்துக்கு முரண் எனத் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் புல்டாக் பற்றிய தடை நீங்கியது. இதயக் கோளாறும் மூளைக் கோளாறும் மலிந்த கவலியர் பற்றிய தடையை 2023-இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. வளர்ப்போர் தரப்பிலும் நியாயம் இல்லாமலில்லை. இனத்தையே அழிப்பது தீர்வாகாது. நலமுள்ளவற்றைத் தேர்ந்து, வேண்டுமாயின் பிற இனம் கலந்து, முகத்தை மீட்கலாம் என்பது அவர்களுள் பொறுப்புடையோர் கூறும் வழி.

வெயில் நாடுகளுக்கு ஒரு சொல்

நாய்க்கு மனிதனைப் போல உடல் முழுதும் வியர்ப்பதில்லை. நாக்கை நீட்டி இரைத்து, மூக்கிலும் வாயிலும் உள்ள ஈரத்தை ஆவியாக்கியே அது உடல் வெப்பத்தைத் தணித்துக் கொள்கிறது. காற்றில் ஈரம் மிகுந்தால் ஆவியாதல் குறையும். மூச்சு வழியும் ஒடுங்கியிருந்தால் துன்பம் இருமடங்காகும். குளிர்நாட்டு மாளிகைகளில் வளர்ந்த இவ்வினங்கள் இன்று மலேசியா, சிங்கப்பூர் போன்ற, ஆண்டு முழுதும் வெப்பமும் ஈரமும் நிலவும் நாடுகளிலும் பரவியுள்ளன. சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடி வீடுகளில் வளர்க்க ஒப்புதல் பெற்ற சிற்றினங்களின் பட்டியலில் பக், பெக்கிங்கீஸ், ஷிஹ் சூ ஆகியவையும் உள்ளன. சிறிய வீட்டுக்குச் சிறிய நாய் என்பது பொருந்தும் எண்ணமே. ஆனால், நண்பகல் வெயிலில் அதனை நடத்திச் செல்வதும், மூடிய வாகனத்தில் விட்டுச் செல்வதும் அதன் உயிருக்கே உலை வைப்பதாகும். ஈறும் நாக்கும் நீலம் பாய்தல், சிறிது நடந்ததும் சோர்ந்து விழுதல் ஆகிய குறிகள் தோன்றின், இயல்பு என்று இருந்துவிடாமல் உடனே மருத்துவரை நாடுதல் வேண்டும். மூக்குத் துளையை அகலப்படுத்தவும் நீண்ட அண்ணத்தைக் குறைக்கவும் அறுவை மருத்துவம் உண்டு. காலத்தே செய்தால் பயன் மிகுதி.

வரலாறு கூறும் அறம்

பேரரசரின் தோல்வியை மறைத்த நாய், இளவரசரின் உயிரைக் காத்ததாகக் கூறப்படும் நாய், எரிந்த அரண்மனையிலிருந்து வந்து அரசியின் இல்லத்தில் மடிந்த நாய் ஆகிய யாவும் மனிதனுக்குத் தம்மால் இயன்றதை நல்கின. கைம்மாறாக மனிதன் அவற்றுக்கு உணவும் உறைவிடமும் பட்டு மெத்தையும் தந்தான். ஆனால், எவ்வுயிர்க்கும் விலையின்றிக் கிடைக்கும் காற்றை மட்டும் அவற்றுக்கு அரிதாக்கி விட்டான். அவன் அவற்றை வெறுத்ததால் அன்று. தன் கண்ணுக்கு இனியதையே அவற்றுக்கும் இனியதென்று மயங்கியதால்.

ஒரு நூற்றாண்டில் குறுகிய மூக்கை இன்னும் சில தலைமுறைகளில் நீளச் செய்யும் அறிவு மனிதனிடம் உண்டு. வாங்குவோர் வேண்டினால் வளர்ப்போர் மாறுவர். நடுவர் மாறினால் இலக்கணம் மாறும். அதற்கு முதற்படி மிகவும் எளியது. மடியில் உறங்கும் சிற்றுயிரின் குறட்டை கேட்கும்போது, நகைப்பதற்கு முன், அது என்ன சொல்கிறது என்று ஒரு கணம் செவி சாய்த்தலே அது.